ஓல்டன் ஹாலுக்குச் சிவப்பு வேஷம்: ஓடும் நீராவி என்ஜினைத் திரைக்குத் தயார் செய்யும் வேலை

இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில் கம்பெனியின் ஸ்விண்டன் பட்டறையில் 1937 ஏப்ரலில் கட்டி முடித்த 5972 என்ற என்ஜினின் சொந்தப் பெயர் ஓல்டன் ஹால். ஹாரி பாட்டர் படங்களைப் பார்த்தவர்களுக்கு அது ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸை இழுக்கும் சிவப்பு என்ஜின், ‘ஹாக்வார்ட்ஸ் காசில்’. 1963 டிசம்பரில் அதை ஓட்டத்திலிருந்து எடுத்தார்கள். வேல்ஸில் பேரி என்ற துறைமுக ஊரின் பழைய இரும்பு யார்டில் 17 வருடம் உப்புக் காற்றில் கிடந்தது. 1981இல் அங்கிருந்து மீண்டு, 1998இல் மறுபடி நீராவியில் ஓடியது. 2000இல் முதல் படத்தின் படப்பிடிப்பு. உடைத்துக் காய்லானாக்க வாங்கிப் போட்ட இரும்பு அது என்பதை வேலைக்கு இறங்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஒரு ஹால் வகுப்பு (ஒரே வடிவில் கட்டிய என்ஜின் வரிசை) என்ஜினுக்கு இப்படி வேஷம் கட்டி, படப்பிடிப்பில் நிறுத்தி, பிறகு கலைக்கும் வேலையைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறோம். அளவுகள் ஹால் வகுப்புக்கு உரியவை. முறை எந்தப் பழைய என்ஜினுக்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் விதி ஒன்றே: வேஷம் தகட்டின் மேலோடு நின்றுவிட வேண்டும். பாய்லர், பிரேக், ஸ்டீம் குழாய், ஃபிரேம் ஆகியவற்றை அது தொடக் கூடாது. புதிதாக ஒரு துளைகூடப் போடக் கூடாது. வெல்டிங் வேண்டவே வேண்டாம்.

தொடங்கும் முன் கேமரா எதைப் பார்க்கும் என்று கலை இயக்குநரோடு என்ஜினைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட வேண்டும். இதே பாத்திரத்துக்கு முதலில் 34027 டா வேலி என்ற என்ஜினுக்குச் சிவப்படித்துப் பார்த்தார்கள். பார்வைக்கு மிக நவீனமாக இருக்கிறது என்று இயக்குநர் வேண்டாமென்றார். ஹால் பழைய தோற்றம் தருவதற்குக் காரணம் உண்டு. சிலிண்டருக்கு நீராவி விடும் வால்வுகளை ஓட்டும் ஸ்டீபன்சன் வால்வு கியர் முழுவதும் ஃபிரேமுக்குள் மறைந்திருக்கிறது. வெளியே தெரிவது இரண்டு சிலிண்டரும் கனெக்டிங் ராடும் கப்ளிங் ராடும் மட்டுமே. பாய்லர் மேல் டோம் (குமிழ் போன்ற மேடு) கிடையாது. ஃபயர்பாக்ஸை (நெருப்பு எரியும் பெட்டியை) நோக்கிப் பருத்துக்கொண்டே போகும் உடல். புகைக்கூண்டின் விளிம்பில் செம்புத் தொப்பி. எதையும் ஒட்ட வேண்டாம், நிறமும் பெயரும் மாறினால் போதும். வேஷத்துக்கு என்ஜின் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பொருத்தத்தைத்தான். ஒட்டுவேலை கூடக் கூட ஆபத்தும் கூடும்.

பெயரில் ஒரு சின்ன முரண் இருக்கிறது. காசில் என்பது அதே கம்பெனியின் வேறொரு வகுப்பு. அதில் நான்கு சிலிண்டர், ஹாலில் இரண்டு. 5972 என்ற எண் ஹால் வரிசையில் வருவது, படத்திலும் அந்த எண் அப்படியே இருக்கிறது. விவரம் தெரிந்தவர் பக்கத்து எண் தகட்டைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். காதால் கண்டுபிடிப்பது கடினம்: இரண்டு வகுப்புமே சக்கரம் ஒரு சுற்றுக்கு நான்கு ‘சஃப்’ தான் கொடுக்கும். ஒலிப்பதிவில் கைவைக்கத் தேவையில்லை.

முதலில் பெயர்த் தகடு. கிரேட் வெஸ்டர்ன் என்ஜின்களில் இது நடுச்சக்கரத்தின் ஸ்பிளாஷர் (சக்கர மூடி) மேல் வில் போல வளைந்து நிற்கும். இரும்புத் தகட்டின் மேல் பித்தளை எழுத்துகள். ஆங்கிலத்தில் ஓல்டன் ஹால் 9 எழுத்து, ஹாக்வார்ட்ஸ் காசில் 14 எழுத்து. ஆகவே புதுத் தகட்டின் வில் நீளும், அதன் முனைகள் பழைய போல்ட் துளைகளைத் தாண்டிப் போகும். இங்கேதான் டிரில்லைக் கையில் எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். பழைய துளைகளிலேயே 5 மி.மீ. இரும்புப் பட்டையில் ஒரு தாங்கியை முடுக்கி, புதுத் தகட்டை அந்தத் தாங்கியில் பொருத்துங்கள். போலித் தகடு அலுமினியமாகவோ ரெசின் வார்ப்பாகவோ இருக்கலாம். ரெசினுக்கு மட்டும் வெயிலும் அதிர்வும் ஆகாது. துளையைச் சுற்றி விரிசல் விடும். ஒவ்வொரு போல்டுக்கும் அடியில் ரப்பர் வாஷர், மேலே லாக் நட்டு. முனைகள் இரண்டிலும் ஒரு சுற்றுக் கம்பி கட்டிவிடுங்கள். நட்டு கழன்றாலும் தகடு கம்பியில் தொங்கி நிற்கும். கம்பி இல்லையென்றால் அது விழும் இடம் கப்ளிங் ராடின் பாதை.

கழற்றிய அசல் தகடுகளை அன்றைக்கே துடைத்து, எந்தப் பக்கத்துத் தகடு என்று பின்புறம் எழுதி, கம்பளியில் சுற்றிப் பூட்டுக்குள் வைக்க வேண்டும். இரண்டு பக்கத் தகடும் ஒன்றுபோல் தெரியும். மாற்றிப் பொருத்தினால் துளை அரை நூல் தள்ளி நிற்கும்.

இனி பெயிண்ட். நேரமும் பணமும் போவது இதில்தான்.

பாய்லரும் ஃபயர்பாக்ஸும் மூடிய உறைத் தகடு, கேப் (டிரைவர் நிற்கும் அறை), ஸ்பிளாஷர்கள், கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரின் மூன்று பக்கம் எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் வரும். நல்ல எனாமல் லிட்டருக்கு 12 முதல் 14 சதுர மீட்டர் ஓடும், அதாவது ஒரு கோட்டுக்கு 5 முதல் 6 லிட்டர். பச்சைக்கு இரண்டு கிளாஸ் கோட்டில் மூடிவிடும். சிவப்பு அப்படி மூடாது. அடர் சிவப்பு நிறமிகளின் வழியே அடியில் இருப்பது தெரியும். பழைய பச்சையின் மேல் நேரே அடித்தால் மூன்று கோட்டுக்குப் பிறகும் காய்ந்த ரத்தம் போல மங்கி நிற்கும். விளக்கு வெளிச்சத்தில் அது இன்னும் கறுப்பாகத் தெரியும். அடியில் செம்மண் நிற அண்டர்கோட் இரண்டு, அதன் மேல் சிவப்பு மூன்று, கடைசியில் வார்னிஷ் ஒன்று. அண்டர்கோட் 11, சிவப்பு 17, வார்னிஷ் 6 லிட்டர் என்று வாங்கினால் சரியாக இருக்கும். சிவப்பு மொத்தத்தையும் ஒரே பேட்சில் வாங்குங்கள். டெண்டருக்கு ஒரு பேட்ச், பாய்லருக்கு இன்னொன்று என்றால் அந்த வித்தியாசத்தைக் கண் விட்டாலும் கேமரா விடாது.

அடிப்பதற்கு முன் செய்யும் கழுவல்தான் பெயிண்டின் ஆயுள். நீராவி என்ஜினின் உடம்பெங்கும் சிலிண்டர் எண்ணெயின் மெல்லிய படலம் இருக்கும். புகைக்கூண்டிலிருந்து நீராவியோடு வெளியேறி ஓடும்போது படிவது அது. கையால் தடவினால் தெரியாது. சோப்பு நீரில் கழுவி, டிகிரீசர் போட்டு, வெள்ளைத் துணியில் ஸ்பிரிட் நனைத்துத் துடைக்க வேண்டும். துணி வெள்ளையாகவே வரும்வரை துடைக்க வேண்டும். விட்டுப்போன இடத்தில் கிளாஸ் கோட் மீன்கண் போல வட்ட வட்டமாக விலகும். நடுவில் ஒரு புள்ளி, சுற்றிலும் மேடு. இது எங்களுக்கு வந்த இடம் கேபின் முன்தகடு, லூப்ரிகேட்டர் குழாய்கள் நுழையும் பகுதி. மேலே இன்னொரு கோட் அடித்து மறைக்கப் பார்த்தால் கண் பெரிதாகும். காயவிட்டு, அந்த இடத்தை 320 எமரியில் தகடு வரை இறக்கி, மறுபடி ஸ்பிரிட் போட்டு, பிரைமரிலிருந்து தொடங்குவதுதான் வழி. ஒரு உள்ளங்கை அளவு இடத்துக்கு மூன்று நாள் போயிற்று.

தேய்ப்பதெல்லாம் தண்ணீர் போட்டுத்தான். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். உலர் எமரியின் தூள் மூச்சில் போகக் கூடாது. மாஸ்க் கட்டாயம். தேய்த்த கழிவு நீரைச் சாக்கடையில் விடக் கூடாது.

உறைத் தகடுகளின் இணைப்பில் பட்டி வைத்து வழவழப்பாக்கக் கேட்பார்கள். படத்தில் அழகாக இருக்கும், உண்மை. ஆனால் ஹாலின் பாய்லர் சதுர அங்குலத்துக்கு 225 பவுண்டு அழுத்தத்தில் வேலை செய்வது. அப்போது உள்ளே இருக்கும் நீரின் வெப்பம் 200 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிடும். முன்னால் சேடிலில் (தாங்கியில்) இறுக்கியிருப்பதால் பாய்லர் நீளும் திசை பின்பக்கம். குளிர்ந்த நிலையிலிருந்து முழு அழுத்தம் வருவதற்குள் ஃபயர்பாக்ஸ் பக்கம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நகரும். பட்டி அந்த நகர்வைத் தாங்காது. முதல் நாளே வெடித்து, செதில் செதிலாக விழும். இணைப்பை இணைப்பாகவே விட்டு, மேலே பட்டைகளில் கோடு போட்டால் கண் கோட்டைத்தான் பார்க்கும்.

பாய்லரின் முன்னால் புகை சேரும் பெட்டியான ஸ்மோக்பாக்ஸுக்குச் சிவப்பு கூடாது. அதற்கு உறையும் கிடையாது, உள்ளே காப்பும் கிடையாது. புகை நேரே தகட்டில் படுகிறது. வெப்பம் தாங்கும் கறுப்பு மட்டுமே நிற்கும். அதே காரணத்தால் ஸ்மோக்பாக்ஸை ஒட்டிய முதல் உறைப் பட்டையில் சிவப்பு சில நாளில் பழுப்பேறும். கூடுதலாக அரை லிட்டர் சிவப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டெண்டர் பக்கவாட்டில் வரும் கற்பனைக் கம்பெனியின் முத்திரைக்கு வினைல் போதும். டெண்டரில் இருப்பது குளிர்ந்த தண்ணீர். ஆனால் மேலே தண்ணீர் பிடிக்கும் வாயிலிருந்து வழியும் நீர் வினைலின் மேல் விளிம்பு வழியே உள்ளே இறங்கும். விளிம்பைச் சுற்றி ஒரு இழை வார்னிஷ் போட்டு மூடிவிட்டால் படப்பிடிப்பு முடியும்வரை தாங்கும்.

மெயின் லைனில் ஓடும் என்ஜினில் இன்றைய சிக்னல் பாதுகாப்புக் கருவிகள், அவற்றின் பேட்டரிப் பெட்டிகள், மேலே மின்கம்பி இருக்கிறது என்று எச்சரிக்கும் சிறு தகடுகள் எல்லாம் இருக்கும். கற்பனை உலகத்தில் இவற்றுக்கு இடமில்லை என்று கழற்றச் சொல்வார்கள். பெட்டிகளுக்குக் கறுப்படிக்கலாம், நிழலில் விழும்படி கேமராவை வைக்கச் சொல்லலாம். கழற்றவோ துணி போட்டு மூடவோ ஒப்புக்கொள்ளாதீர்கள். எச்சரிக்கைத் தகடு உயிர் காப்பது. படத்தில் ஒன்பதே முக்கால் பிளாட்ஃபாரமாக வருவது கிங்ஸ் கிராஸின் 4, 5ஆம் பிளாட்ஃபாரங்கள். அங்கே தலைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பி போகிறது. டெண்டர் மேல் ஏறி நிலக்கரியைத் தள்ளிவிடும் பழக்கம் உள்ள ஃபயர்மேன் (நெருப்புக்குக் கரி போடுபவர்) அங்கே ஏறவே கூடாது. கரியை முன்னுக்குத் தள்ளி வைப்பதெல்லாம் ஷெட்டிலேயே முடிந்துவிட வேண்டும்.

இடைவெளியையும் முன்கூட்டியே அளந்து வைக்க வேண்டும். ஹாலின் சிலிண்டர்கள் வெளிப்புறம் ஏறத்தாழ 9 அடி அகலம். கிரேட் வெஸ்டர்ன் பாதை அகலமாகக் கட்டப்பட்டது. மற்ற இடங்களில் பிளாட்ஃபார விளிம்பு உரசும். கிளென்ஃபினன் பாலம் 21 வளைவுகளோடு 380 மீட்டர் நீளத்தில் பிறை போல வளைந்து போவது. வளைவின் ஆரம் 241 மீட்டர்தான். 14 அடி 9 அங்குலம் சக்கர இடைவெளி உள்ள ஹால் அதில் மெதுவாகப் போனால் ஃபிளாஞ்சு (சக்கர விளிம்பு) கீச்சிடும். அந்த ஒலியைப் பிறகு நீக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுங்கள். கீச்சைக் குறைக்கத் தண்டவாளத்தில் எண்ணெய் விடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அடுத்த டேக்கில் சக்கரம் வழுக்கும்.

படப்பிடிப்பு நாள். காலை 7 மணி ஷாட்டுக்கு நெருப்பு முந்தைய நாளே வைக்க வேண்டும். ஃபயர்பாக்ஸின் உள்பெட்டி செம்பு, பாய்லர் எஃகு. இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் குழாய் முனைகளில் கசிவு வரும். அந்தக் கசிவு நெருப்பையே நனைக்கும். மாலையில் சிறு நெருப்பு வைத்து, இரவு முழுக்கச் சூடேறவிட்டு, விடியலில் அழுத்தம் ஏற்றுவதுதான் சரி.

எண்ணெய் விடுவதும் படக்குழு வரும் முன்பே முடிய வேண்டும். வால்வு கியர் உள்ளே இருக்கும் அழகுக்கு இது விலை. பிட்டில் (தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள குழியில்) இறங்கியோ சக்கரங்களுக்கு இடையே நுழைந்தோதான் எண்ணெய் விட முடியும். கிராங்க் சரியான கோணத்தில் நிற்க வேண்டும். ஹேண்ட் பிரேக் இறுக்கி, ரிவர்சரை (முன்னோ பின்னோ என்று திசை மாற்றும் கருவியை) நடுவில் வைத்து, சிலிண்டர் காக்குகளை (சிலிண்டரில் தேங்கும் நீரை வெளியே விடும் திறப்புகளை) திறந்து, ‘நகர்த்தாதே’ பலகையைத் தொங்கவிட்ட பிறகே ஆள் உள்ளே போகலாம். விளக்குக்காரர் அரை அடி முன்னே தள்ளச் சொன்னால்கூட, உள்ளே போனவர் வெளியே வந்து தானே பலகையை எடுக்கும்வரை என்ஜின் அசையக் கூடாது.

இனி அதிகம் பேர் தவறவிடும் இடம், வேக்குவம் பிரேக். குழாயில் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கினால் பிரேக் விலகும், காற்று புகுந்தால் பிடிக்கும். ஒவ்வொரு டேக்குக்குப் பிறகும் ரேக்கைப் (பெட்டி வரிசையை) பின்னே இழுத்து வைக்க மறுமுனையில் இன்னொரு என்ஜினை மாட்டுவது வழக்கம். கிரேட் வெஸ்டர்ன் முறையில் வேக்குவம் பாதரச அளவில் 25 அங்குலம், மற்றவர்களுக்கு 21. ஹால் 25இல் வைத்த பெட்டிகளை 21 அங்குல என்ஜின் எடுத்தால், ஒவ்வொரு பெட்டியின் பிரேக் சிலிண்டர் மேல்பக்கத்திலும் 25 அடைபட்டிருக்கும், குழாயில் 21தான் இருக்கும். அந்த 4 அங்குல வித்தியாசம் பிஸ்டனைப் பாதி தூக்கி, பிரேக் கட்டையைச் சக்கரத்தோடு உரசவிடும். கேஜில் எல்லாம் சரியாகத் தெரியும். வண்டி கனமாக இழுக்கும், பிறகு சூடான இரும்பு வாசனை, பிறகு கட்டையிலிருந்து புகை. புகையைப் பார்த்து ‘அழகாக இருக்கிறது’ என்று கேமரா பக்கம் சொன்னதும் நடந்திருக்கிறது. என்ஜின் மாறும் ஒவ்வொரு முறையும் பெட்டி பெட்டியாக நடந்து ரிலீஸ் கயிற்றை இழுத்து, உள்ளே காற்றுப் போகும் சத்தத்தைக் கேட்டுவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். நான்கு பெட்டிக்கு ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை அட்டவணையிலேயே எழுதி வைத்துவிடுங்கள். சிலர் ஹாலின் வேக்குவத்தையே 21ஆகத் திருத்திவிடுவார்கள். பல இடங்களில் ஓடும் என்ஜினுக்கு அதுவே நல்லது.

நிற்கும்போது வேக்குவத்தைப் பிடித்து வைப்பது இன்னொரு தொல்லை. ஹாலில் கிராஸ்ஹெட்டோடு (பிஸ்டன் தண்டின் முனைக் கட்டையோடு) ஓடும் பம்பு வண்டி ஓடினால்தான் வேலை செய்யும். நின்றால் நீராவியால் காற்றை உறிஞ்சும் எஜெக்டரைத் திறக்க வேண்டும், அது புகைக்கூண்டு வழியே இரையும். வசனக் காட்சியில் எஜெக்டரை மூடச் சொன்னால், முதலில் ஹேண்ட் பிரேக் இறுக்கி, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகு மூடுங்கள்.

இதே காட்சியில் சேஃப்டி வால்வு தூக்கிவிட்டால் ஒரு வார்த்தை பதிவாகாது. நின்று காத்திருக்கும் நேரமெல்லாம் அழுத்தத்தை 190, 200க்குள் வைத்திருங்கள். ஏறப் பார்த்தால் நெருப்புக்குக் காற்று விடும் டாம்பரை மூடி, பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் இஞ்ஜெக்டரைப் போட்டுத் தண்ணீர் ஏற்றுங்கள். ஆனால் தண்ணீர் ஏறிக்கொண்டே போனால், ‘ஆக்‌ஷன்’ என்றதும் ரெகுலேட்டரை (நீராவி விடும் கைப்பிடியை) திறக்கும்போது நீர் நீராவியோடு சிலிண்டருக்குள் போகும். தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டர் மூடி உடைந்த என்ஜின்கள் உண்டு. காத்திருப்பு தொடங்கும்போதே பாய்லரின் நீர்மட்டம் காட்டும் கேஜ் கண்ணாடியில் பாதிக்குச் சற்றுக் கீழே வைத்துக்கொண்டால் இஞ்ஜெக்டர் போட இடமிருக்கும். ஒவ்வொரு டேக்கும் சிலிண்டர் காக்கு திறந்தபடியே தொடங்கட்டும். கேமராவுக்கு அதுதான் வெண்மேகம், சிலிண்டருக்கும் அதுதான் பாதுகாப்பு. இரண்டு தரப்பும் ஒரே பொருளைக் கேட்கும் அபூர்வமான இடம் அது.

மேகம் வேண்டுமென்றால் குளிர் வேண்டும். வெயில் ஏறிய பிறகு நீராவி கண்ணுக்குத் தெரியாமல் கரையும். கருப்புப் புகையைக் கரி போட்டு ஃபயர்மேன் எப்போதும் தருவார், வெள்ளையை வானிலைதான் தர வேண்டும். முக்கியமான ஷாட்டுகளை விடிகாலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காய்ந்த புல்வெளியில் கனமாக ஓட்டச் சொன்னால் ஸ்மோக்பாக்ஸில் பொறி தடுக்கும் வலை கிழியாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடைசிப் பெட்டியில் தண்ணீர் முதுகுப் பம்போடு இருவரை ஏற்றிவிடுங்கள்.

ஹாக்ஸ்மீட் ஸ்டேஷனாக வருவது யார்க்‌ஷயரின் கோத்லண்ட். அதற்கு ஏறும் பாதை 49க்கு 1 சரிவு. ஹாலில் தண்ணீர்க் கண்ணாடி ஒன்றே ஒன்று. அதற்குத் துணையாக இரண்டு சோதனைக் காக்குகள். புகைக்கூண்டு முன்னே ஏறும்போது தண்ணீர் பின்பக்கம் சேர்ந்து, கண்ணாடி நிறையத் தெரியும். சரிவு முடிந்து சமமானதும் அதே தண்ணீர் முன்னே ஓடும். ஃபயர்பாக்ஸின் கூரைத் தகடு வெறுமையாகலாம். அது பாய்லரையே இழக்கும் வழி. ஏற்றத்தில் எடுத்த டேக் ஸ்டேஷனில் முடிந்தால், தண்ணீர் கண்ணாடியின் மேல் மூன்றில் ஒரு பங்கில் நிற்காமல் தொடங்கக் கூடாது. வசனக் காட்சிக்குச் சொன்ன அளவும் இதுவும் நேர் எதிர். அன்றைய ஷாட் எது என்று காலையிலேயே ஃபயர்மேனிடம் சொல்லிவிட வேண்டும். அவர் தலைப்பு கேட்பதில்லை; சரிவும் நிற்கும் நேரமும்தான் கேட்பார்.

டிரைவர் நிற்பது வலப்பக்கம், கிரேட் வெஸ்டர்ன் வழக்கம் அது. இடப்பக்கம் பிளாட்ஃபாரத்தில் நின்று கையசைக்கும் உதவி இயக்குநரை அவர் பார்க்கவே முடியாது. கைச் சைகையை ஃபயர்மேன் வாங்கிச் சொல்லும் ஏற்பாட்டை விட, டிரைவர் பக்கம் ரேடியோவோடு ஒரே ஒரு ஆளை நிறுத்துவது நல்லது. நகர்த்தச் சொல்லும் உரிமை அவருக்கு மட்டும். நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு.

முடிந்த பிறகு கலைப்பது அடுத்த நாளே வேண்டாம். ஆவி இறங்கி, பாய்லர் தானாகக் குளிரட்டும். பெயர்த் தாங்கியைக் கழற்றி, பழைய துளைகளில் துரு இருந்தால் கம்பி பிரஷ் போட்டு ஒரு சொட்டு எண்ணெய். அசல் தகட்டை எழுதி வைத்த பக்கம் பார்த்துப் பொருத்தி, நட்டை விரலால் கடைசிவரை ஏற்றிய பிறகே ஸ்பானர். சிலிண்டர் காக்குகள் எல்லாம் திறந்து மூடுகின்றனவா, பிரேக் கட்டைகளின் தேய்மானம் எவ்வளவு, சக்கரங்களில் தட்டை விழுந்திருக்கிறதா என்பதைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் கடைசித் தவணை இந்தப் பக்கம் எழுதி முடித்த பிறகே என்று முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

சிவப்பைச் சுரண்டிப் பச்சைக்குத் திரும்புவதா, அப்படியே விடுவதா என்பது உரிமையாளர் முடிவு. 5972 சிவப்பாகவே நின்றுவிட்டது. 2015இலிருந்து லண்டனுக்கு வெளியே லீவ்ஸ்டனில் வார்னர் ஸ்டுடியோ கண்காட்சியில் இருக்கிறது. ஸ்பிளாஷர் மேல் ஹாக்வார்ட்ஸ் காசில், பக்கத்தில் ஸ்விண்டன் கொடுத்த எண்.